முழங்கால் தேய்மானம்: வலிக்கு அஞ்சிப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் பலர், நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடும் என்று அஞ்சி நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆனால் அசைவு குறையக் குறையத் தொடையின் முன்பக்கத் தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் மீதே விழுகிறது. மருத்துவச் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோய் உள்ள அனைவருக்கும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

தொடக்கத்துக்கு எளிதான பயிற்சி ஒன்று உண்டு. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி நிறுத்தித் தளர்த்துங்கள். இதைப் 10 முறை செய்யலாம். அது பழகியபின், சற்று உயரமான, உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமருங்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல், பாதவிரல்களின் நேர்த்திசையிலேயே இருக்க வேண்டும். மெல்ல அமர்வதையே நான் பெரிதும் வலியுறுத்துவேன். தொப்பென்று உட்கார்ந்தால் தசைக்கு வேலையே இல்லாமல் போகிறது.

முதல் சில வாரங்களில் வலி சற்றுக் கூடக்கூடும். அது தாங்கக்கூடியதாக இருந்து, 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் பயிற்சியைக் கைவிடாமல், எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்பதால், ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் செய்முறையைச் சரிபார்த்துக்கொண்டு, அவர் சொல்லும்போது அளவைக் கூட்டிச் செல்லுங்கள்.