புல்தரையில் மட்டும் நின்றுபோன ஆர்சி கார்

தார்ச்சாலையில் சிக்கலின்றி ஓடும் என் ஆர்சி கார் (ரிமோட்டால் இயக்கும் சிறு கார்), உயரமான புல்லில் இறங்கிய சில நிமிடங்களிலேயே நின்றுவிடுவதும், ஆறிய பிறகு மீண்டும் இயல்பாக ஓடுவதுமாக இருந்தது. ஆறியதும் நீங்கிவிடும் இத்தகைய கோளாறு, பெரும்பாலும் இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதையே காட்டுகிறது.

புல் சக்கரங்களை இடைவிடாமல் இழுத்துப் பிடிப்பதால் மோட்டாரின் சுழற்சி குறைகிறது. அதனுடன், பேட்டரிக்கு எதிராக மோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் குறைந்து, பேட்டரியிலிருந்து பாயும் மின்னோட்டம் உயர்கிறது. மின்தடையில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னோட்டம் 2 மடங்கானால் வெப்பம் 4 மடங்காகும். தளர்ந்த மணலிலும் இதே நிலைதான். பாறை நிலத்தில் அதிர்வே பெரிய எதிரி. அங்கே கம்பிகளைப் பற்றவைத்த சால்டர் இணைப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டார் தண்டிலிருந்த 17 பல் பினியனை, அதாவது சிறு பற்சக்கரத்தை, கழற்றிவிட்டு 14 பல் பினியனைப் பொருத்தினேன். உச்ச வேகம் ஏறக்குறைய 18 விழுக்காடு குறையும் என்றாலும், அதே இழுவிசைக்கு மோட்டார் சுமக்கும் பாரமும் அதே அளவு குறைகிறது. புல்தரைக்கு இது மிக நல்ல பேரம் என்றே கருதுகிறேன். பினியனை மாற்றினால் மோட்டாரை நகர்த்தி, பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய பற்சக்கரத்துக்கும் இடையே பற்களின் இடைவெளியை மீண்டும் சரிசெய்தாக வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பற்களுக்கிடையே வைத்து இறுக்கிவிட்டு, பிறகு அதை உருவி எடுத்தேன். இஎஸ்சியின் விசிறியில் சுற்றியிருந்த புல் இழைகளையும் அகற்றினேன். அதன்பின் பேட்டரி தீரும்வரை புல்லில் ஓட்டியும் கார் இடையில் நிற்கவில்லை.