கல்வியியலில் முனைவர் பட்டச் சேர்க்கை: விண்ணப்பத்திற்கு முன்பே தொடங்கிவிடும் தவறுகள்

தமிழ்நாட்டில் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் பலர் ஏற்கெனவே பள்ளியிலோ கல்வியியல் கல்லூரியிலோ பணிபுரிபவர்கள். எம்.எட். முடித்துச் சில ஆண்டுகள் ஆன பின், பணிக்கும் குடும்பத்திற்கும் இடையே நேரம் ஒதுக்கி, பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிக்கை வெளியான பிறகே இவர்கள் தயாராகத் தொடங்குகிறார்கள். கடைசித் தேதிக்குள் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேட வேண்டும், தலைப்பு ஒன்றை முடிவு செய்ய வேண்டும், ஆய்வு முன்மொழிவை எழுத வேண்டும், சான்றிதழ்களையும் திரட்ட வேண்டும். இந்த அவசரத்தில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. யார் நெறியாளராகக் கிடைக்கிறார் என்பது முதலிலும், அவர் ஒப்புக்கொள்ளும் தலைப்பு எது என்பது அடுத்தும் வருகின்றன. எதை அறிந்துகொள்ள இந்த ஆய்வு என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சிலரிடம் வருவதே இல்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்து பிறப்பவை என்பதே என் கருத்து.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். 'இன்ன மாவட்ட மேல்நிலை மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் இடையேயான தொடர்பு' என்ற அச்சில் வார்த்த தலைப்புகளைக் கல்வியியல் துறைகளின் நூலக அடுக்குகளில் ஏராளமாகக் காணலாம். மனவெழுச்சி நுண்ணறிவின் இடத்தில் தன்மதிப்பு, படிக்கும் பழக்கம், தேர்வு அச்சம், சமூக ஊடகப் பயன்பாடு என ஏதேனும் ஒரு மாறியை வைத்து, மாவட்டத்தின் பெயரையும் மாற்றிவிட்டால் புதிய தலைப்பு பிறந்துவிடுகிறது. இத்தகைய தலைப்பில் சேர்க்கை கிடைக்காது என்று சொல்ல முடியாது, பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மாவட்டத்தை ஏன் தேர்ந்தீர்கள், அங்கே இந்தத் தொடர்பு வேறுவிதமாக இருக்கும் என்று கருதக் காரணம் என்ன, தொடர்பு இருப்பதாகத் தெரிந்துவிட்டால் வகுப்பறையில் எது மாறும் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், விடை சொல்ல விண்ணப்பதாரரிடம் எதுவும் இருப்பதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, தன் மனத்தில் எழாத ஒரு கேள்விக்காக அவர் தம் வாழ்நாளில் குறைந்தது மூன்று ஆண்டுகளைக் கொடுக்கப்போகிறார் என்பது.

இத்தனைக்கும் ஆய்வுக்குரிய கேள்விகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளின் பாடமுறையையும் மதிப்பிடும் முறையையும் மாற்றியது. மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. இவை ஒவ்வொன்றும் ஆசிரியரின் அன்றாட வேலையையும் மாணவரின் எதிர்பார்ப்பையும் தொட்டவை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் வெவ்வேறு கற்றல் நிலையிலுள்ள குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஈராசிரியர் பள்ளி ஆசிரியர் தம் நேரத்தை எவ்வாறு பகிர்கிறார் என்ற கேள்வியை, அதே வேலையைச் செய்துவரும் ஆசிரியரைவிடக் கூர்மையாகக் கேட்கக்கூடியவர் யாருமில்லை. அப்படிப்பட்டவரே அந்த அனுபவத்தை வெளியே நிறுத்திவிட்டு, நுண்ணறிவு அளவுகோல் ஒன்றைத் தேடிப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியின் தரம் முழுவதையும் ஆராய்வேன் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குள், சொந்தச் செலவில் செய்து முடிக்கக்கூடிய அளவுக்குக் கேள்வி சுருங்க வேண்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த வகைப் பள்ளி, எந்தக் காலப்பகுதி என்பவற்றை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட முடியாவிட்டால் கேள்வி இன்னும் முதிரவில்லை என்று கொள்ளலாம்.

முன்னாய்வுகளைப் படிக்காமல் முன்மொழிவு எழுதுவது அடுத்த தவறு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை முழுமையாகத் தரும் சோத்கங்கா என்ற களஞ்சியத்தைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது. கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஐந்தாறு ஆய்வேடுகளையாவது அதில் எடுத்து, முடிவுரையை மட்டும் புரட்டாமல், மாதிரியை எவ்வாறு தேர்ந்தார்கள், எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள், தங்கள் ஆய்வின் எல்லை எது என்று எழுதியிருக்கிறார்கள் என்பவற்றைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டும். முன்னாய்வுப் பகுதி என்பது ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் முடிவையும் பத்தி பத்தியாக அடுக்குவதன்று. இவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், இதற்கு மேல் யாரும் போகவில்லை, நான் அங்கிருந்து தொடங்குகிறேன் என்று காட்டுவதே அதன் வேலை.

பணம் வாங்கிக்கொண்டு முன்மொழிவு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. அவர்களை நாடுவது அறமற்றது என்பதோடு, பயனற்றதும்கூட. ஒரே முன்மொழிவைச் சொல் மாற்றிப் பலருக்கு விற்பவரிடம் வாங்கியதை நேர்முகத் தேர்வில் உங்களால் விளக்க முடியாது. கருத்துத் திருட்டுக்கு எதிரான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்கு மட்டுமே தண்டனை இல்லை என்கின்றன. அதற்கு மேல் போகப்போக விளைவு கடுமையாகும். பிறர் எழுத்தில் தொடங்கும் பழக்கம் பின்னால் ஆய்வேட்டிலும் தொடரும் என்பதால் இதை இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வு முறையில் நிகழும் தவறு நுட்பமானது. கேள்வி எதுவாயினும் வினாநிரல், 300 மாணவர்கள், டி-சோதனை, எஃப்-சோதனை போன்ற புள்ளியியல் சோதனைகள் என்று எழுதிவிடும் வழக்கம் நம் கல்வியியல் துறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இத்தகைய அளவாய்வு (சர்வே) மதிப்புக் குறைந்தது என்று சொல்லவில்லை. பரவலாக நிலவும் ஒன்றின் அளவை அறிய அதுவே சரியான வழி. ஆனால் ஓர் ஆசிரியர் வகுப்பில் எப்படிக் கேள்வி கேட்கிறார், பின்தங்கிய மாணவரின் தவறான விடையை எப்படி எதிர்கொள்கிறார் என்பதை அறிய வேண்டுமானால் வகுப்பறையில் அமர்ந்து பார்த்தாக வேண்டும். 'பெரிதும் உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில் போடும் குறி அதைச் சொல்லாது. புதிய கற்பித்தல் உத்தி ஒன்று பயன் தருகிறதா என்பதற்குச் சோதனை முறை வேண்டும். முறையைக் கேள்வியே தேர்ந்தெடுக்கட்டும். வேறு மொழியில் உருவான அளவுகோலைத் தமிழாக்கிப் பயன்படுத்த எண்ணினால், அதன் நம்பகத்தன்மையையும், அளக்க வேண்டியதையே அளக்கிறதா என்ற ஏற்புடைமையையும் தமிழில் மீண்டும் சோதிக்கும் திட்டமும் முன்மொழிவில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் தரவு திரட்டக் கல்வித் துறையின் அனுமதி தேவை என்பதையும், அதற்கும் பள்ளித் தேர்வு நாட்களுக்கும் இடம்விட்டே கால அட்டவணை போட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நெறியாளரைத் தேர்வதில், வீட்டிற்கு அருகே இருக்கிறார், தெரிந்தவர் சொன்னார் என்ற காரணங்கள் முன்னிற்கின்றன. அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது படிக்காமல், அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளைப் பார்க்காமல் அவரிடம் போகக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே காலியிடம் இருக்கிறதா, பணிக்காலம் எவ்வளவு மிச்சம் என்று மரியாதையோடு கேட்டறிவதில் தவறேதும் இல்லை. "ஐயா, எனக்கு ஒரு தலைப்புக் கொடுங்கள்" என்று தொடங்கும் உரையாடலைவிட, ஒன்றரைப் பக்கத்தில் எழுதிய கேள்வியோடு "இதை உங்கள் வழிகாட்டுதலில் செய்ய முடியுமா?" என்று கேட்கும் உரையாடல் நெடுந்தூரம் செல்லும்.

தகுதி விதிகளைத் தெரிந்தவர் வாய்வழியாகக் கேட்டு நம்புவதும் பலரைக் கவிழ்க்கிறது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பதும், பட்டியல் சாதி, பழங்குடி, வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு என்பதும் பொது விதி. எம்.எட். மட்டுமே ஏற்கப்படுமா, கல்வியியலில் எம்.ஏ. படித்தவரும் விண்ணப்பிக்கலாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிக்கையில்தான் பார்க்க வேண்டும். எம்.ஃபில். முடித்த பிறகுதான் முனைவர் பட்டம் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. 2022 விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டுவிட்டன, புதிதாக எம்.ஃபில். சேர்க்கை நடத்த வேண்டாம் என்று மானியக் குழு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியும் விட்டது.

தேசியத் தகுதித் தேர்வான நெட் பற்றியும் ஒரு தெளிவு தேவை. 2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வெளியாகின்றன: இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. பின்னிரு வகையினருக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத் தேர்வுக்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகிறது. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். தேர்ச்சி பெற்றுவிட்டோம், மெதுவாகச் சேரலாம் என்று இருந்தால் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். இன்னொன்று, தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருப்பதாலேயே நெட் தேர்விலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ ஓ.பி.சி. சலுகை கிடைத்துவிடாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். வளமான பிரிவினர் அல்லர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்று வாங்கியிருக்கவும் வேண்டும். கடைசி வாரத்தில் இதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவது தவிர்க்கக்கூடிய துன்பம்.

பணியில் இருப்பவர்கள் முழுநேரமா பகுதிநேரமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பகுதிநேர ஆய்வுக்குப் பணியிடத்தின் தடையின்மைச் சான்று தேவை. தேவைப்பட்டால் பாடப்பணியை (ஆய்வோடு படித்து முடிக்க வேண்டிய பாடத்தாள்களை) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதியும் அதில் அடங்கியிருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் நடத்தக் கூடாது என்று விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. அப்படித் தருவதாக வரும் விளம்பரங்களில் பணத்தை இழக்க வேண்டாம். சேர்க்கை முதல் ஆறு ஆண்டுகள் பொதுவான உச்சவரம்பு, மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரலாம். மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. இந்த உரிமைகளைத் தெரிந்துகொள்ளாமலேயே, குழந்தை வளரட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலிலிருந்தும் மீதி பாடத்திலிருந்தும் வரும் என்பது 2022 விதிமுறைகளின் ஏற்பாடு. கல்வி உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் மட்டும் திருப்புபவர்கள், மாதிரியெடுப்பு, கருதுகோள், பிழை வகைகள், ஏற்புடைமை ஆகியவற்றில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

நேர்முகத் தேர்வில் முன்மொழிவை மனப்பாடமாக ஒப்பிப்பதும், தெரியாத கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசுவதும் மதிப்பைக் குறைக்கும். "அந்த முறையை நான் இன்னும் படிக்கவில்லை, ஆனால் என் கேள்விக்கு அது பொருந்துமா என்று பார்க்கிறேன்" என்று சொல்பவரைக் குழுவினர் குறைத்து மதிப்பிடுவதில்லை. இந்த ஆய்வு முடிந்தால் யாருக்குப் பயன் என்பது அங்கே பெரும்பாலும் கேட்கப்படும். 'கல்வி உலகுக்கு' என்று சொல்லாமல், மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைக்கும் அக்குழந்தையின் ஆசிரியருக்கும் இது எவ்வாறு உதவும் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லும் அளவுக்குத் தெளிவு பெற்ற பிறகு விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்குங்கள்.