ரஷ்ய நாட்டார் கதை மணக்கும் நாவலா? இப்படிப் படிக்காதீர்கள்

கேத்தரின் ஆர்டனின் 'தி பேர் அண்ட் த நைட்டிங்கேல்' (2017) நாவலை ஆசையாக வாங்கி, ஐம்பது பக்கத்திலேயே மூடி வைத்தவர்கள் பலர். பெரும்பாலும் பெயர்க் குழப்பம்தான் காரணம். கதாநாயகி வசிலீசாவும் வாஸ்யாவும் ஒரே பெண். அலெக்ஸாந்தர்தான் சாஷா. 'வசிலீசா பெத்ரோவ்னா' என்றால் பியோத்தரின் மகள் வசிலீசா. நம் ஊரில் இனிஷியல் செய்கிற வேலையை அங்கே இரண்டாவது பெயர் செய்கிறது. வீட்டார் செல்லப் பெயரில் அழைப்பார்கள், அந்நியர் முழுப் பெயர் சொல்வார்கள். யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனித்தாலே உறவு புரிந்துவிடும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஆவி வந்ததும் 'இது நல்லதா, கெட்டதா' என்று கேட்பது. ரஷ்ய நாட்டார் மரபில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடையாது. வீட்டைக் காக்கும் தொமவோய் அடுப்படியில் குடியிருப்பவர். ரொட்டியும் பாலும் வைத்தால் குதிரைகளையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். மறந்தால் தொல்லை கொடுப்பார். காவல் தெய்வத்துக்குப் படையல் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாபா யாகாவும் அப்படித்தான். கோழிக்கால் குடிசையில் இருக்கும் அந்தக் கிழவி மனிதரைத் தின்பவள். ஆனாலும் பழைய நாட்டார் கதையில், நெருப்புக் கேட்டு வந்த வசிலீசா (நாவலின் வசிலீசா அல்ல, வேறொரு பெண்) சொன்ன வேலையெல்லாம் முடித்ததும், கண்கள் எரியும் மண்டையோட்டைக் கொடுத்து அனுப்புகிறாள். பனியின் தலைவன் மரோஸ்கோ கதையில், குளிரில் நடுங்கியும் மரியாதையாகப் பதில் சொன்ன பெண் செல்வத்தோடு வீடு திரும்புகிறாள். சிடுசிடுத்தவள் உறைந்து போகிறாள். முறை தெரிந்து நடந்தாளா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆர்டனின் நாவல் இந்த இடத்தில்தான் என்னைக் கட்டிப் போட்டது. வாஸ்யாவும் அவள் சித்தியும் ஒரே ஆவிகளைப் பார்க்கிறார்கள். இவள் பேசிப் பழகுகிறாள், அவள் பேய் என்று அலறுகிறாள். மாஸ்கோவிலிருந்து வந்த பாதிரியார் படையல் கூடாது என்கிறார். மக்கள் நிறுத்த நிறுத்த, தொமவோய் மெலிந்துகொண்டே போகிறார். பாதிரியாரை வெறும் வில்லன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரஷ்யாவுக்கு முன்னோடியான பழைய அரசு கீவ் ரஸ், 988-இல் கிறிஸ்தவத்தை ஏற்றது. கதை நடப்பது 14-ஆம் நூற்றாண்டில். அத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரே வீட்டில் திருவுருவப் படமும் இருந்தது, தொமவோய்க்கு ரொட்டியும் இருந்தது. அந்த இரட்டை வாழ்க்கையின் வலிதான் நாவல்.

அப்புறம், தெரிந்த உருவங்களை ஏற்றிப் பார்க்காதீர்கள். ருசால்காவைக் கடற்கன்னி என்று மொழிபெயர்ப்பார்கள். பழைய கதைகளில் அவளுக்கு மீன் வால் இல்லை. பெரும்பாலும் நீரில் மூழ்கி இறந்த இளம்பெண்ணின் ஆவி. அடுப்பும் நம் அடுப்பு அல்ல. செங்கல்லில் கட்டிய பெரிய மேடை மாதிரி இருக்கும், மேலே ஏறிப் படுத்துத் தூங்குவார்கள்.

தொடக்கத்தில் செவிலி சொல்லும் கதையைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அது மரோஸ்கோவின் கதைதான். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்கும் பிள்ளைகளின் தங்கைதான், இன்னும் பிறக்காத வாஸ்யா.