பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாய்: கொழும்புக் குடும்பங்கள் விடும் தவறுகள்

"சின்னப் பிள்ளைகளுக்கு எந்தச் சாதி நாய் நல்லது?" வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நாய் வாங்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். ஒருவர் லாப்ரடோர் என்பார், இன்னொருவர் கோல்டன் ரிட்ரீவர் என்பார், மூன்றாமவர் தன் வீட்டுப் பொமரேனியனின் புகைப்படத்தைக் காட்டுவார். நாய் வாங்கும் விடயத்தில் மிகப் பெரிய தவறு இந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதுதான்.

2022 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று 18,000 க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டது. அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் பரிசோதித்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. மீதியில் அந்த நாயின் தனிப்பட்ட மரபுக்கும், தாய்க்கும், குட்டிப் பருவத்துக்கும், பழக்கத்துக்கும், வளர்கின்ற வீட்டுக்கும் பங்கு உண்டு. இனம் சொல்லும் சங்கதிகளும் உண்டு: எவ்வளவு பெரிதாக வளரும், எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு மயிர் கொட்டும். அவற்றுக்காக இனத்தைப் பாருங்கள். குணத்துக்கு அந்த ஒரு நாயைப் பாருங்கள்.

லாப்ரடோர் சாந்தமானது என்று நம்பி வாங்குபவர்கள் அதன் உடம்பை மறந்துவிடுகிறார்கள். ஒரு வயதில் அது முப்பது கிலோவை எட்டிவிடும். புத்தி முதிர்வதற்கோ இரண்டு மூன்று வயது ஆகும். அதுவரை அன்பு மிகுதியால் பாய்ந்தே மூன்று வயதுப் பிள்ளையைச் சீமெந்துத் தரையில் தள்ளிவிடக்கூடும். காலையிலும் மாலையிலும் அதை நன்றாக நடத்திச் செல்ல ஆள் இல்லாத வீட்டுக்கு லாப்ரடோர் பொருந்தாது.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்குவது

விளம்பரத்தில் படம், தொலைபேசியில் பேரம், முச்சக்கர வண்டியில் ஒரு கடதாசிப் பெட்டி. இப்படி வந்து சேரும் குட்டிகள் பலவற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். கைக்கு அடக்கமாக இருப்பதால் பிள்ளைகளுக்கும் மிகவும் பிடித்துப்போகும். ஆனால் எட்டு வாரம் ஆவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கிறது என்பதை அது கற்றுக்கொள்கிறது. மிஞ்சிக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக்கொண்டு விலகிவிடும், தாயும் கண்டிக்கும். இந்தப் பாடம் கிடைக்காத குட்டி அதை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கத் தொடங்கும்.

குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காவது வாரம் வரையான காலம் அதன் வாழ்நாளுக்கே அடித்தளம். அந்த நாட்களில் பார்த்துப் பழகியவை அதற்கு இயல்பானவையாகின்றன. பார்க்காதவை பின்னர் அச்சம் தருகின்றன. இருட்டுக் கூட்டில் வளர்ந்த குட்டிக்குக் கத்திக்கொண்டு ஓடும் குழந்தை என்பது என்னவென்றே தெரியாது. ஆகவே விற்பவரின் வீட்டுக்கு நேரில் போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அந்நியரைக் கண்டதும் அது ஒடுங்குகிறதா, சீறுகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள். தாய் இங்கில்லை என்று சாக்குச் சொன்னால் முற்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பரம்பரைச் சான்றிதழ் இருந்தாலும் இதே சட்டம்தான். அந்தத் தாள் பரம்பரையைச் சொல்லும், பயத்தைச் சொல்லாது.

தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றுகளான பார்வோ வைரசுக்கும் டிஸ்டெம்பருக்குமான ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போடப்படுகின்றன. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே ஊசிகள் முடியும் முன் குட்டியை ஒழுங்கையில் இறக்கி நடத்தாதீர்கள். அதற்காக வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம் போய் ரயில் சத்தத்தையும் பஸ் இரைச்சலையும் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளையும் காட்டுங்கள். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்பதும் முக்கியம். நாய்க்குட்டியின் மலத்தில் இருக்கும் புழு முட்டைகள் மண்ணில் விளையாடும் பிள்ளைக்கும் தொற்றும்.

குட்டியாக எடுத்தால்தான் பிள்ளையோடு சேர்ந்து வளரும் என்ற நம்பிக்கை

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில், தவழும் குழந்தையும் இரண்டு மாதக் குட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் தாய்க்கு இரண்டு கைக்குழந்தைகள். குட்டி இரவில் அழும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும், நான்கு முதல் ஆறு மாதத்தில் பல் விழுந்து முளைக்கும்போது கையில் அகப்படும் எல்லாவற்றையும் கடிக்கும். பிள்ளைக்கு ஐந்து வயதுக்கு மேலாகி, சொன்னால் கேட்டு நடக்கும் நிலை வந்தபின் குட்டி எடுப்பது எல்லோருக்கும் இலகு.

அதற்கு முன்பே நாய் வேண்டுமென்றால், இரண்டு மூன்று வயதான, குணம் வெளிப்பட்டுவிட்ட நாயைத் தேடுங்கள். கொழும்பில் அதற்குக் குறைவே இல்லை. எம்பார்க் போன்ற அமைப்புகள் தெருநாய்களைப் பராமரித்து வீடு தேடிக் கொடுக்கின்றன. நம் ஊர் நாய்களை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். நடுத்தர உடம்பு, குட்டை மயிர், இந்த வெயிலுக்கென்றே பல தலைமுறைகளாகப் பழகிய தேகம். கடை வாசலில் படுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கால்கள் தன்னைத் தாண்டிப் போவதைச் சலனமின்றிப் பார்த்திருக்கும் நாயிடம் உள்ள பொறுமை காசு கொடுத்து வாங்கும் குட்டியிடம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எல்லாத் தெருநாய்களும் அப்படியல்ல. அடிபட்டு மிரண்டவையும் உண்டு.

எனவே ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்; ஒரு தடவையாவது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். நாய் தானாகவே பிள்ளையிடம் வருகிறதா? உடம்பு தளர்ந்து, வால் அகலமாக ஆடுகிறதா? சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது இயல்பு, சில நொடிகளில் தேறி, என்னவென்று மோப்பம் பிடிக்க வந்தால் நல்ல அடையாளம். மூலையில் பதுங்கிக்கொண்டு நெடுநேரம் வெளியே வராத நாய் தீபாவளி வெடிக்கும் சித்திரைப் புத்தாண்டு வெடிக்கும் நடுவே பிள்ளைகளின் கூச்சலையும் தாங்கிக்கொள்ளச் சிரமப்படும்.

காவலுக்கும் பிள்ளைக்கும் ஒரே நாய்

இதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்தும் தவறு. ரொட்வைலர் அல்லது அல்சேஷன் ஒன்றை வாங்கி, பகல் முழுவதும் சங்கிலியிலோ கூட்டிலோ வைத்திருந்து, இரவில் அவிழ்த்துவிடுவது இங்கே பரவலான வழக்கம். கள்ளனைக் கடிக்க வேண்டும், பிள்ளையோடு கொஞ்ச வேண்டும் என்று அந்த விலங்கிடம் இரண்டையும் எதிர்பார்க்கிறோம். கட்டிக்கிடக்கும் நாயால் விலகி ஓட முடியாது. அச்சம் வந்தால் கடிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. மனிதரோடு பழகாமல் கிடந்து கிடந்து சின்னச் சலனத்துக்கும் பாயப் பழகிவிடும். உங்கள் பிள்ளையை அது அறிந்திருக்கலாம். டியூசனுக்கு வரும் பிள்ளைகளையும், விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மச்சான் மச்சாள் குழந்தைகளையும் அதற்குத் தெரியாது. பாதுகாப்புக்குக் கமராவும் நல்ல பூட்டும் போதும். பிள்ளைக்காக எடுக்கும் நாய் வீட்டுக்குள், வீட்டாரோடு இருக்கட்டும்.

சின்ன நாய் ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் இதே அளவு பரவலானது. பொமரேனியனின் எலும்பு மெலிது. தூக்கி விளையாடும் நான்கு வயதுப் பிள்ளை தவறவிட்டால் கால் முறியும். வலி கண்ட நாய் அடுத்த முறை கை நீட்டும் முன்பே கடிக்கும்.

வெயிலும் தொடர்மாடியும்

நாய்க்கு நம்மைப்போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கொழும்பின் ஈரப்பதத்தில் அதுவும் பாதிதான் பலிக்கும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் நண்பகலில் பிள்ளையோடு ஓடி விளையாடினால் வெப்பத் தாக்கத்தில் உயிரே போகலாம். சைபீரியப் பனிக்கு உருவான ஹஸ்கியை இங்கே இருபத்துநாலு மணி நேரமும் குளிரூட்டிய அறையில் அடைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. தொடர்மாடியில் இருப்பவர்கள் முதலில் முகாமைத்துவக் குழுவின் விதிகளை எழுத்தில் பாருங்கள். நாயைக் கொண்டுவந்த பிறகு தடை என்று தெரிந்தால் வீதியில் விடப்படுவது அதுதான்.

யார் பார்ப்பது என்று பேசாமல் விடுவது

"நான் பார்ப்பேன் அப்பா" என்று ஆறு வயதுப் பிள்ளை மனப்பூர்வமாகத்தான் சொல்லும். நடப்பதோ, அப்பா வேலைக்கும் பிள்ளை பாடசாலைக்கும் போனபின் அம்மம்மாவிடம் நாய் வந்து சேர்கிறது. ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். சாமியறை, சமையலறை, ஆசாரம் பற்றி அவருக்குக் கவலைகள் இருக்கும். நாய் வைரவரின் வாகனம் என்று சொல்லி அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எந்த அறைக்கு வரலாம், எங்கே படுக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் அவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்: வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறி, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) போட்ட பொங்கல், சொக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று ஐந்து வயதான பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அது வீட்டில் இருக்கக்கூடும். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பயணம் நிச்சயமானால் நாயை ஏற்க ஒருவர் இன்றே சம்மதித்தால் எடுங்கள், இல்லையென்றால் பொறுங்கள்.

உறுமலை அடக்குவது

பிள்ளையைப் பார்த்து உறுமியது என்பதற்காக நாயை அடிக்கிறார்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையின்றிக் கடிக்கும். உறுமலுக்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். இவற்றில் எது தெரிந்தாலும் பிள்ளையை அமைதியாக அப்பால் கூட்டிச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. கடிப்பதும் அநேகமாகத் தெரிந்த நாய்தான். கட்டிப்பிடிப்பது, உண்ணும்போது தொடுவது, தூங்கும்போது எழுப்புவது மூன்றையும் முதல் நாளிலிருந்தே தடைசெய்யுங்கள். பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்காமல் இருவரையும் ஓர் அறையில் விடவே வேண்டாம். எவ்வளவு நல்ல நாயானாலும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்தி, உங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிந்துவையுங்கள். ஊசி போட்ட வீட்டு நாயே கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே தடுப்பு மருந்து இலவசம். மஞ்சளோ சுண்ணாம்போ பூசாதீர்கள். சிறு பிள்ளைகள் ஏச்சுக்குப் பயந்து, அல்லது நாயைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து கீறலை மறைப்பார்கள். நாய் வீட்டுக்கு வரும் நாளிலேயே, கீறினாலும் கடித்தாலும் சொன்னால் உன்னையும் ஏச மாட்டோம், நாயையும் துரத்த மாட்டோம் என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.