எதிரி உள்ளே வந்துவிட்டதாகக் கொண்டு ஒத்திகை நடத்துவது எப்படி

2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவு போயின. குளிரூட்டும் வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கு வழியே நுழைந்தவர்கள் பில் போடும் கணினிகள் வரை சென்றார்கள். கண்காணிப்புக் கருவி எச்சரித்தும் உரிய நேரத்தில் யாரும் செயல்படவில்லை. அதனால், எதிரி நிறுவனத்தின் உள்வலைக்குள் வந்துவிட்டதாகக் கொண்டு நடத்தும் ஒத்திகையில் நான் முதலில் கேட்பது, மணி அடித்ததா, அடித்தபோது யார் எழுந்து வந்தார் என்பதைத்தான்.

தொடங்கும் முன் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எந்தக் கணினிகள், எந்த நேரம், எவற்றைத் தொடக்கூடாது, உடனே நிறுத்த யாரை அழைப்பது ஆகிய அனைத்தும் பொறுப்பாளரின் கையொப்பத்துடன் அதில் இருக்கட்டும். இந்தியாவில் உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின் கீழ் வரும் என்பதால், வாய்மொழிச் சம்மதத்தை நம்பி இறங்காதீர்கள்.

அடுத்து, சாதாரண ஊழியர் ஒருவருக்குத் தரும் மடிக்கணினியையும் கணக்கையும் பெற்று, அங்கிருந்தே தொடங்குங்கள். எதிரிகளின் வழிமுறைகளைத் தொகுத்துள்ள மைட்டர் அட்டாக் பட்டியலிலிருந்து உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தும் ஐந்தாறை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்க்கும் ஆசை பெரும்பாலும் யாரும் படிக்காத அறிக்கையில்தான் முடிகிறது. அட்டாமிக் ரெட் டீம், கால்டெரா இரண்டும் இதற்கான இலவசக் கருவிகள். ஒவ்வொரு சோதனையையும் முதலில் தனிக் கணினியில் ஓட்டி, அது விட்டுச்செல்லும் தடயங்களை நீக்கும் கட்டளையும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். கணினியை அணைத்து எழுப்பினாலும் தங்கியிருக்க எதிரிகள் கையாளும் பழைய வழி, விண்டோஸில் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை, உருவாக்குவது. கால்குலேட்டரைத் திறக்கும் தீங்கற்ற டாஸ்க் ஒன்றை உருவாக்கிவிட்டு, விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடான செக்யூரிட்டி லாக்கில் 4698 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். பல இடங்களில் அது இருக்காது, ஏனெனில் அதற்குரிய தணிக்கை அமைப்பு விண்டோஸில் இயல்பாக அணைந்தே இருக்கிறது. பதிவு இருந்தால், அது பதிவுகளைத் திரட்டும் மையச் சேமிப்புக்கு வந்து சேர்ந்ததா, சேர்ந்தபின் எச்சரிக்கையாக மாறியதா, அந்த எச்சரிக்கையை ஒரு மனிதர் திறந்தாரா என்று படிப்படியாகப் பின்தொடருங்கள். சோதனை தொடங்கிய நேரத்தையும் இந்த ஒவ்வொரு படியின் நேரத்தையும் நிமிடக் கணக்கில் குறித்து வையுங்கள். சங்கிலி எங்கே அறுந்தது என்பதை அந்தக் குறிப்பு காட்டிவிடும்.

இன்னொன்றையும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நிறுவனத்தின் கணக்குகளையெல்லாம் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், எந்தச் சேவையும் பயன்படுத்தாத ஒரு போலிச் சேவைக் கணக்கை (மனிதருக்கன்றி மென்பொருளுக்கான கணக்கு), ஒரு சேவைப் பெயருடனும் (SPN) மிக நீண்ட கடவுச்சொல்லுடனும் உருவாக்கி வையுங்கள். சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை உடைக்க, எதிரிகள் அதற்கான கெர்பரோஸ் டிக்கெட்டை (சேவையை அணுகுவதற்கான அனுமதிச் சீட்டு) கேட்டு வாங்குவார்கள். இந்தப் போலிக் கணக்குக்கு யாரேனும் அப்படிக் கேட்டால், உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4769 என்ற எண்ணுள்ள பதிவு விழும். அந்தக் கணக்கை நாடவேண்டிய தேவை எவருக்கும் இல்லாததால், வீண் எச்சரிக்கைகள் மிகக் குறைவாகவே வரும்.

முதல் சுற்றில் கண்காணிப்புக் குழுவைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள். அவர்களைத் தோற்கடித்துக் காட்டுவதில் ஒரு பயனும் இல்லை; திரையைச் சேர்ந்து பார்க்கும்போது எச்சரிக்கை விதியைத் திருத்தி அங்கேயே மறுபடி ஓட்டிவிடலாம். முன்னறிவிப்பில்லாத சுற்றை, திருத்தங்கள் நிலைபெற்றபின், இரவுப் பணி நேரத்தில், மேலாளருக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள்.

ஒத்திகை முடிந்த அன்றே, சோதனைக்கென உருவாக்கிய டாஸ்க்குகளையும் கோப்புகளையும் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக நீக்கி, வாங்கிய ஊழியர் கணக்கை முடக்கச் சொல்லி, முடக்கப்பட்டதா என்று நீங்களே உள்நுழைய முயன்று உறுதிசெய்யுங்கள்.