அமெரிக்க வரலாறு படிப்பவர்கள் ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள்

வெறும் ஆண்டுகளை மனப்பாடம் செய்து அலுத்துவிட்டதா? ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் 'மேப்பிங் இன்ஈக்குவாலிட்டி' தளத்துக்குப் போங்கள், இலவசம்தான். 1930களில் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து நிறம் தீட்டிய வரைபடங்கள் அதில் இருக்கின்றன. பச்சை என்றால் நம்பிக் கடன் கொடுக்கலாம், சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்புதான். கூடவே உள்ள மதிப்பீட்டுப் படிவத்தைத் தவறவிடாதீர்கள்: வீடுகளின் வயது, நிலைமையோடு அங்கே கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம் என்பதற்கும் தனிக் கட்டம் போட்டிருப்பார்கள். எவ்வளவு சாதாரணமாக!

அப்புறம் அதே பகுதியை இன்றைய செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டை 1968இல் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் பல நகரங்களில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளில்தான் இன்றும் மரங்கள் குறைவு, கோடை வெப்பம் அதிகம். தொடங்குவதற்கு பால்டிமோர் ஒன்றே போதும்.