டிரவுட்டுக்கு நீருக்குள் போகும் ஈ

டிரவுட் என்னும் நன்னீர் மீன் பெரும்பாலான இரையை நீருக்குள்ளேயே தின்னும், அதனால் அதைப் பிடிக்க மிதக்கும் ஈயை, அதாவது தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை, மட்டும் நம்பி நிற்காதீர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் பழகிய 'பார்ட்ரிஜ் அண்ட் ஆரஞ்ச்' என்ற மூழ்கும் ஈ ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும்: 14ஆம் எண் முள், ஆரஞ்சுப் பட்டுநூல் உடல், கழுத்தில் கவுதாரி இறகு ஒன்றரைச் சுற்று, அவ்வளவுதான். இறகை அடர்த்தியாகச் சுற்றினால் கெட்டது. இழைகள் தண்ணீரில் விரிந்து சுருங்கி, மேலேறி வரும் பூச்சியின் கால்களாகத் தெரிய வேண்டும்.

ஆற்றுக்குக் குறுக்கே, சற்றே கீழ்ப்பக்கமாக வீசுங்கள். நடு ஓட்டம் கயிற்றை வளைத்து இழுக்கும், ஈ கண்டபடி பாயும், எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது, ஆகவே கயிறு விழுந்த உடனே தூண்டில் கோல் நுனியால் அதைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் புரட்டிப் போடுங்கள். அப்புறம் நுனி கயிற்றைப் பின்தொடர்ந்தால் போதும். ஈ உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் சில நொடி தொங்கட்டும், பல கடிகள் அங்கேதான் விழும்.

கடித்ததும் வெடுக்கென்று இழுப்பதுதான் பலரின் பழக்கம், கயிற்றையும் ஈயையும் இணைக்கும் மெல்லிய நரம்பு அதிலேயே அறுந்துவிடும். கயிறு இறுக்கமாக இருப்பதால் மீன் பெரும்பாலும் தானே மாட்டிக்கொள்ளும். கோலை மெதுவாக உயர்த்துங்கள், சரி.

பாறைக்குப் பின்னால் மீன் நிற்பது தெரிந்தால், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தூண்டில்காரர் ஜேம்ஸ் லைசன்ரிங் பெயரால் வழங்கும் முறையைப் பாருங்கள்: மீனுக்கு மேல்நீர்ப் பக்கமே வீசி ஈயை நன்றாக மூழ்கவிட்டு, மீனுக்குச் சற்று முன்னால் கோலைத் தூக்கி அதை மேலேற்றுவது.